217ஆம் எண்ணுக்கு மட்டும் ஒரு வரி

காலையில் நீங்கள் தருவித்த தேநீர் நன்றாக இருந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்க வாய் வரை வந்தது. விசாரணைக்கு வந்த இடத்தில் அப்படிக் கேட்பது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

அடைக்கலநாதன் ஐயா, உங்கள் விசாரணைக் குழுவுக்கான வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்றபோது நீங்கள் மறுக்கவில்லை. அதற்கு நன்றி. வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்கு இடையில் ஒழுங்கு குழம்பும். ஆட்கள் அதை வேறு மாதிரி விளங்கிக்கொள்வார்கள். என் பெயர் கோகுலன். வயது முப்பத்தாறு. ஊர் உரும்பிராய். நீங்கள் விசாரிக்கும் தொண்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். கணினிப் பிரிவு என்று பலகை இருக்கிறதே தவிர, அதற்குள் இருப்பது நான் ஒருவன்தான்.

நீங்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். எங்கள் கிணற்று இணையத்தளத்தில், குடிக்கக்கூடாத கிணறுள்ள நாற்பத்தொரு வீடுகள் ஆறு மாதமாகப் பச்சை நிறத்தில் காட்டியது ஏன் என்பது முதலாவது. நிரலைப் பரிசோதித்தவர்கள் அதற்குள் ஒரு வரியைக் கண்டிருக்கிறார்கள். வீட்டு எண் 217 என்றால் எப்போதும் பச்சை காட்டு என்று அந்த வரி சொல்கிறது. அது என்ன வரி என்பது இரண்டாவது. முதலாவது ஒரு பிழை. இரண்டாவது பிழையில்லை. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. ஆகவே ஒழுங்காகவே வருகிறேன்.

எங்கள் நிறுவனம் முன்பு ஊர் ஊராகக் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. எந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருளை அப்போதுதான் வாங்கினோம். ஒவ்வொரு கழிப்பறையும் அதில் ஒரு பதிவு. தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று நிலைகள். கழிப்பறை முடிந்தது என்றால் நல்ல செய்தி, அதற்கு மேல் கேள்வியில்லை. பிறகு கிணறுகளைச் சோதிக்கும் திட்டம் வந்தது. வலிகாமப் பகுதித் தோட்டங்களில் போடுகிற யூரியா எல்லாம் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றாக நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிணறுகளையும் அதே மென்பொருளில் போட்டோம். அங்கேதான் முதல் கோணல். கிணற்றைச் சோதித்து முடிந்தது என்றால் சோதனை முடிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் நல்லதா கூடாததா என்பது பக்கத்துக் கட்டத்தில் ஓர் எண்ணாக இருக்கும். நைத்திரேற்று அளவான அந்த எண் ஐம்பதைத் தாண்டக்கூடாது.

சனங்கள் கைபேசியில் தங்கள் வீட்டு எண்ணை அடித்தால் கிணற்றின் நிறம் தெரியவேண்டும். அந்த இணையத்தளத்தைச் செய்யும் வேலை எனக்கு. விவரம் கிடப்பது கண்காணிப்பு மென்பொருளில். ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. நடுவில் டிரைவர் என்று ஒரு சிறிய மென்பொருளைப் பொருத்தவேண்டும். இணையத்தளம் கேட்பதை அது அங்கே கொண்டுபோய்க் கேட்டு, பதிலை இங்கே கொண்டுவந்து தரும். கல்யாணத் தரகரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார். குடிப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை என்றால் அவராக வாய் திறக்கமாட்டார். அது அவருடைய பிழையில்லை.

அந்த டிரைவரைப் பொருத்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கடவுச்சொல் சரியில்லை என்றது, பதிப்பு பொருந்தாது என்றது, ஒரு நாள் காரணமே சொல்லாமல் அறுந்தது. இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கேள்வியை அனுப்பினேன். திரையில் முதல் வரியாக உரும்பிராய், வீடு 216 என்று வந்தது. அது என்னுடைய வீடு. எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பிட மறந்துபோனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இனிக் கிணற்றுப் பங்கு. நீங்கள் ஊர்க்காரர், ஆனாலும் அறிக்கைக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் கிணறு தனியாக வராது. கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்றுதான் வரும். ஒரு கிணறு, மூன்று வீடு, மூன்று உறுதி. மாதிரி எடுக்கப் போன எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் சுதாகரன் ஒரு கிணற்றை ஒரு பதிவாகத்தான் போடப் பார்த்தான். சனம் விடவில்லை. "என்ரை பங்கை என்ரை பேரிலை பதியும் தம்பி. நாளைக்கு உவன் முழுக் கிணறும் தன்ரை எண்டு நிண்டால் ஆர் கேக்கிறது?" என்று ஒவ்வொரு வாசல் படலையிலும் இதே கதை. அவன் களைத்துப்போய் வீட்டுக்கு ஒரு பதிவு போட்டான். தண்ணீர் எடுத்தது ஒரு போத்தல்தான். ஆய்வுகூடம் தந்த எண்ணை முதலாவது வீட்டின் பதிவில் எழுதினான். மற்ற இரண்டிலும் எண்ணை வெறுமையாக விட்டு, முடிந்தது என்று மூடினான். அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த இரண்டு பதிவுகளுக்கும் செய்ய வேறு வேலை இருக்கவில்லை.

எண் வெறுமையாக இருந்தால் என் இணையத்தளம் சாம்பல் நிறம் காட்டியது. அதாவது, தெரியாது என்று. இணையத்தளத்தின் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் பணிப்பாளர் நமசிவாயம் சேர் வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்று, எல்லா வீடுகளின் நிறமும் சேர்ந்து தெரியும் வரைபடத்தைப் பார்த்தார்.

"என்ன கோகுலன், பாதிக்கு மேலை சாம்பலாக் கிடக்கு. வாறவை பாத்தால் ஒண்டும் செய்யேல்லை எண்டெல்லோ நினைப்பினம்."

"எண் இல்லாத பதிவுகள் சேர்."

"வேலை முடிஞ்சுதோ இல்லையோ?"

"முடிஞ்சுது சேர்."

"பின்னை என்ன? ஏதாவது செய்யும்."

அவர் பச்சை ஆக்கு என்று சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. நான்தான் ஒரு வரி எழுதினேன். எண் வெறுமையாக இருந்து, நிலை முடிந்தது என்று இருந்தால், பச்சை. கழிப்பறைக் காலத்துப் பழக்கம் கையில் இருந்தது. வரைபடம் வடிவாக வந்தது. உங்கள் முதலாவது கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

நான் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது எப்போது என்று உங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை. புத்தூரில் ஒரே கிணற்றில் பங்குள்ள சகோதரர் இருவர், ஒருவருக்குச் சிவப்பும் மற்றவருக்குப் பச்சையும் கண்டு சண்டைப்பட்டு, அந்தச் சண்டையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஆவணி மாதம். எல்லாரும் அன்றுதான் பிழை தெரிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது மாசி மாதம், திறப்பு விழா முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள்.

விழா முடிந்து எல்லாரும் வடையும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் மேசைக்கு வந்து என் வீட்டு எண்ணை அடித்தேன். சிவப்பு. நைத்திரேற்று நூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே நானே எழுதிய அறிவுறுத்தல் வந்தது: கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம், கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, இன்னும் செறியும். அந்த அறிவுறுத்தல் சிவப்புத் திரையில் மட்டும் வரும். பிறகு 217ஐ அடித்தேன். பச்சை. 218ஐ அடித்தேன். பச்சை. 218 கனடாவில் இருக்கும் மாமியின் வீடு, ஒன்பது வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது. 217 குகதாசன் அண்ணையின் வீடு. மூன்று வீட்டுக்கும் ஒரே கிணறு.

விளங்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. திருத்தப் பத்து நிமிடம் போதும். பணிப்பாளரின் வெளிநாட்டு விருந்தினர் இன்னும் வரைபடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் பச்சைப் புள்ளிகள் சிவப்பாவது நன்றாக இராது. அடுத்த வாரம் பார்ப்போம் என்று என் வேலைப் பட்டியலில் ஒரு பதிவு போட்டேன். முக்கியத்துவம் என்ற கட்டத்தில் குறைவு என்று குறித்தேன்.

குகதாசன் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரியப்பாவின் மகன். என்னைவிட எட்டு வயது மூப்பு. தோட்டம்தான் தொழில், வெங்காயம், உருளைக்கிழங்கு, கொஞ்சம் மரவள்ளி. சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கியவர். அந்த மாசிக்கு இரண்டு வருடம் முன்பிருந்தே நாங்கள் கதைப்பதில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.

என் அப்பா செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. நூற்றைம்பது பேருக்குச் சமையல். கிணற்றடிக் கொட்டிலில் மோட்டர் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. நான் மூத்த மகன், எட்டு முழ வேட்டியோடு போய் வயரைக் கழற்றிப் பூட்டினேன். மோட்டர் ஓடவில்லை, வீட்டு மின்சாரமும் சேர்ந்து போய்விட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே விசிறியைப் பார்த்தார். குகதாசன் அண்ணை வந்தார், இரண்டு நிமிடத்தில் தண்ணீர் வந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"கொம்பியூட்டர் கம்பெனியிலை பெரிய வேலையாம். இரண்டு வயரைச் சேத்துவிடத் தெரியேல்லை."

பந்தல் முழுக்கச் சிரித்தது. சமையல்காரர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று பின்னேரத்திலிருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு அது விளங்க ஒரு மாதம் எடுத்தது, விளங்கியதும் அவரும் நிறுத்திக்கொண்டார். இப்படித்தான் எங்கள் ஊரில் பாதி வேலிகள் உயர்ந்திருக்கின்றன.

சிவப்பைக் கண்ட அன்றே நான் உரும்பிராய்ச் சந்தியில் இருபது லீட்டர் வடிகட்டிய தண்ணீர்க் கான் இரண்டு வாங்கினேன். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மோட்டார்சைக்கிளில் கொண்டுவரும்போது மேலே சாக்குப் போட்டு மூடிக்கொண்டேன். என் மனைவி தனுசியா சாக்கைப் பார்த்தாள்.

"ஏனப்பா மூடிக் கொண்டாறியள்?"

"வெய்யில் பட்டால் பிளாஸ்ரிக் மணக்கும்."

"எங்கடை தண்ணி அவ்வளவு கூடாதோ? அப்ப பக்கத்து வீட்டிலையும் உந்தத் தண்ணியைத்தானே குடிக்கினம். அங்கை கைப்பிள்ளை ஒண்டு இருக்கு. கதைபேச்சு இல்லாட்டிலும் சொல்லவேணும்."

"சொல்லிப்போட்டன்," என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தனுசியா ஒருமுறை நம்பினால் நம்பியதுதான். அன்று நான் பொய் சொன்னேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் திருத்தியதும் அவர்களின் கைபேசி தானே சொல்லப்போகிறது. அதைச் சில நாள் முன்கூட்டிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். தவிர, கதைபேச்சில்லாத வீட்டுப் படலையில் போய் நின்று, உங்களுக்குப் பச்சை காட்டுகிற கிணறு எங்களுக்குச் சிவப்பு என்று சொன்னால், கிணற்றுப் பங்கைப் பிடிக்கப் பார்க்கிறான் என்றுதான் கதை வரும். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். குளிப்பதற்கு நைத்திரேற்று ஒன்றும் செய்யாது. அண்ணையின் மனைவி வினோஜா அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குகதாசன் அண்ணைக்குப் பிந்திய கல்யாணம். ஏழு வருடம் நேர்த்தி வைத்துப் பிறந்த பெண்பிள்ளை, யதுசா என்று பெயர். அப்போது இரண்டு மாதம். நான் துவாயை இழுத்துப் போர்த்தினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் கதை இதுதான்.

"தம்பி, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ அண்ணி."

"எனக்குப் பால் காணாது. இவவுக்கு மா கரைச்சுத்தான் குடுக்கிறன். ஊர்ச் சனம் தண்ணி கூடாது எண்டு கதைக்குது. உங்கடை உதிலை நம்பரை அடிச்சுப் பாத்தன், பச்சை எண்டு காட்டுது. நம்பலாம்தானே?"

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கமாட்டேன், ஆனால் வாயைத் திறந்தது உண்மை. அதற்குள் அவள் இன்னும் ஒன்று சொன்னாள்.

"உங்கடை அண்ணை சொன்னவர், கோகுலன் செய்தது பிழைக்காது, ஐமிச்சமெண்டால் அவனிட்டையே போய்க் கேள் எண்டு."

நூற்றைம்பது பேருக்கு முன்னால் இரண்டு வயரைச் சேர்க்கத் தெரியாதவன் என்று சொன்ன மனிதர். நான் இரண்டு வருடம் மனதுக்குள் அவருக்கு ஆயிரம் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு பதிலும் இவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. இப்போது நான், அண்ணி, அது பிழை, நான் எழுதிய வரியால் வந்த பிழை என்று சொன்னால், அவள் அப்படியே போய்ச் சொல்வாள். அவர் தோட்டத்தில் நின்று சிரிப்பார். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு அது.

"பச்சை எண்டு காட்டினால் பச்சைதான் அண்ணி. பயப்பிடாதேங்கோ," என்றேன்.

"கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறன்."

"அது நல்லது."

அது நல்லது என்று நான் சொன்னது சரியில்லை. கொதிக்கவைப்பதால் இன்னும் செறியும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை வருந்தினேன். பிள்ளை என் ஈரத்தலையைப் பார்த்துச் சிரித்தது. அண்ணி போனபிறகு நான் இன்னும் நான்கு வாளி அள்ளி ஊற்றினேன். மனம் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு அடுத்த வாரம் திருத்துவது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. திருத்தினால் 217 சிவப்பாகும். ஞாயிறு பச்சைதான் என்று வாயால் சொன்னவன் புதன்கிழமை சிவப்பாக்கினால் என்ன மரியாதை? கொஞ்சம் ஆறவிட்டுச் செய்வோம் என்று தள்ளினேன். வேலைப் பட்டியலில் அந்தப் பதிவு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பங்குனி நடுப்பகுதியில் அதை முடிந்தது என்று மூடினேன். நிலை முடிந்தது, குறிப்பு வெறுமை.

இணையத்தளத்தை எந்த எண்ணுக்காக யார் எப்போது திறக்கிறார்கள் என்பது என் கணினியில் பதிவாகும். நீங்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்கவில்லை, இத்தோடு இணைத்திருக்கிறேன். 217ஐ அவர்கள் மாசி தொடக்கம் சித்திரை வரை நாற்பத்து மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள். அநேகமாகக் காலை ஆறு மணிக்கு முன்பின்னாக, முதல் பால் கரைக்கும் நேரம். நான் அலுவலகம் வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். வேறு எந்த வீட்டிலும் இவ்வளவு நம்பிக்கையாகப் பாவித்தவர்கள் இல்லை. திட்டத்தின் காலாண்டு அறிக்கையில், ஒரு பயனாளர் வாரத்துக்கு நான்கு தடவை பார்க்கிறார் என்று நான் எழுதியது அவர்களைப் பற்றித்தான்.

சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பத்துக்கு 217ஐப் பார்த்தார்கள். மூன்று பதினான்குக்கு மறுபடியும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஏழு தடவை. அப்படி முன்பு ஒருநாளும் நடந்ததில்லை. தனுசியாவிடமிருந்து அழைப்பு வந்தது: யதுசாவின் உதடும் நகமும் நீலம் பூத்துவிட்டதாம், ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். எட்டாவது தடவை வந்தது, நான்கு இருபத்தாறு.

அந்த எட்டாவது தடவை என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நைத்திரேற்றாலும் கைக்குழந்தைக்கு இப்படி நீலம் பூக்கும் என்றபடியால், எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். வினோஜா அண்ணி, சோதிச்ச கிணறு டொக்டர் என்று சொல்லிக் கைபேசியைத் திறந்து காட்டியிருக்கிறாள். பச்சை. அவர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இருதயத்தைப் பார்ப்போம் என்று சொன்னாராம். வேறு எவரும் என்ன செய்திருக்க முடியும்?

அப்போதும் எனக்குப் பத்து நிமிடம் போதும். ஏன், மூன்று நிமிடம் போதும். விசைப்பலகையில் கையை வைத்தேன் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறினால் அதற்குப் பிறகு அந்த இணையத்தளத்தை யார் நம்புவார்கள்? வலிகாமம் முழுக்க அறுநூறு வீடு அதைப் பார்த்து நடக்கிறது. ஒரு வீட்டுக்காக அறுநூறு வீட்டின் நம்பிக்கையைக் கெடுக்கலாமா என்று யோசித்தேன். ஐந்து மணிக்கு வழமைபோலக் கணினியை மூடிவிட்டு, சந்தியில் தண்ணீர்க் கானை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

யதுசா சனிக்கிழமை விடியப் போய்விட்டது. இருதயக் கோளாறு என்று ஊரில் கதை. நாலரை மாதப் பிள்ளை என்றபடியால் பெரிய கிரியைகள் இல்லை. மத்தியானத்துக்குள் புதைத்துவிட்டு ஆண்கள் கிணற்றடிக்குக் கை கால் கழுவ வந்தார்கள். தனுசியா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் முதலே தண்ணியைப் பற்றிச் சொல்லிவைச்சது நல்ல காலம். இல்லாட்டில் தண்ணியாலைதானோ எண்டு எனக்கு நெஞ்சு கிடந்து அடிச்சிருக்கும்." நான் தலையாட்டினேன்.

மோட்டர் ஓடவில்லை. குகதாசன் அண்ணை கொட்டிலுக்குள் போனார். வெளியே வந்தார். சுற்றி நின்ற ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஏலாமக் கிடக்கு. உந்த மோட்டரை ஒருக்காப் பார்."

நான் உள்ளே போனேன். இரண்டு வயர். இந்த இரண்டு வருடத்தில் நான் அதைப் படித்து வைத்திருந்தேன். சேர்த்துவிட்டேன், மோட்டர் ஓடியது. குழாயில் தண்ணீர் கொட்டியது, எல்லாரும் அதில் முகம் கழுவினார்கள், இரண்டொருவர் கையில் ஏந்திக் குடித்தார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் கதைக்கிறோம். வேலியில் இரண்டு கிடுகை அகற்றி ஆள் நுழையப் பொட்டு ஒன்று வைத்திருக்கிறோம், அவர் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கு அதன் வழியாகத்தான் வரும். பின்னேரங்களில் அவர் வந்து என் வாசலில் இருந்து கைபேசியில் ஏதாவது கேட்பார். நான் சொல்லிக் கொடுப்பேன்.

ஆவணியில் புத்தூர்ச் சகோதரர்கள் முறைப்பாடு கொண்டுவந்தபோது நமசிவாயம் சேர் என்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். பத்து நிமிடத்தில் திருத்தினேன். எண் வெறுமை என்றால் பங்குக்காரரின் பதிவில் போய் எண்ணை எடு என்று எழுதினேன். நாற்பத்தொரு வீடும் சிவப்பாகின. மாமியின் பூட்டிய வீடுகூடச் சிவப்பு. பிறகு கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வரி அதுதான். அது தவறுதலாக வந்ததல்ல, பரீட்சார்த்தமாக எழுதி மறந்ததும் அல்ல. துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு துக்கம் எதற்கு என்றுதான் எழுதினேன். யதுசாவை நான் கொன்றேன் என்று சட்டம் சொல்லுமானால் மறுக்கமாட்டேன். தெரிந்துகொண்டிருந்தேன், எழுபத்தாறு நாள் தெரிந்துகொண்டிருந்தேன், சொல்லவில்லை. அதை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்து வைக்கிறேன். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. என்னை எங்கே அனுப்புவதென்றாலும் அனுப்புங்கள், ஆனால் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள். 217 சிவப்பானால் குகதாசன் அண்ணை கணக்குப் பார்த்துவிடுவார், பிறகு என்னோடு கதைக்கமாட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒட்டிய உறவு.

போன ஞாயிற்றுக்கிழமையும் அவர் பொட்டால் வந்தார். வினோஜா அண்ணிக்கு இப்போது ஆறாம் மாதம். வெட்கமும் சந்தோஷமுமாகச் சொன்னார். பிறகு, "தம்பி, எங்கடை கிணறு இப்பவும் பச்சைதானே?" என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். அவர் கைபேசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை ஐயா, என்னிடம்தான் கேட்டார்.